முப்பத்தொரு கையெழுத்து

பிப்ரவரியில் எங்கள் லுவாம்பா மாவட்ட மன்ற அலுவலகத்தில் பாதி வேலை வாளி நகர்த்துவதுதான். கூரைத் தகரத்தில் எங்கெங்கே ஓட்டை என்பது பியூனிலிருந்து ஆணையர் வரை எல்லோருக்கும் மனப்பாடம். உள் தணிக்கைப் பிரிவு கடைசி அறை. இரண்டு மேசை, ஓர் இரும்பு அலமாரி, மூன்று வாளி. அந்த அறையில் திவோங்கே பதினேழு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். பிரிவுக்குத் தலைவி அவள்தான். அவளுக்குக் கீழே ஓர் உதவித் தணிக்கையாளர் இருந்தார்; அவரையும் மாதத்தில் பாதி நாள் சம்பளப் பிரிவு இரவல் வாங்கிக்கொள்ளும்.

முந்தின வருஷம் தலைநகரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாவட்டங்களில் தணிக்கைப் பிரிவுக்குத் தலைமை வகிப்பவர்கள் தொழில்முறைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். ஜூன் முடிவதற்குள் பெறாதவர்கள் ஒரு நிலை இறங்கி உதவியாளராகத் தொடரலாம். அந்தத் 'தொடரலாம்' என்ற சொல்லைத் திவோங்கே பல தடவை படித்துப் பார்த்தாள். சான்றிதழுக்கு மூன்று பகுதி. இரண்டை முடித்துவிட்டாள். மூன்றாவதில் இரண்டு முறை தோற்றாயிற்று. நாற்பத்தொன்பது வயது. சாயங்காலம் மரவள்ளி மாவைச் சலித்துக்கொண்டே பாடத்தை முணுமுணுப்பாள். மடியில் கிடக்கிற புத்தகத்தின் மேல் மாவு படிந்து எழுத்து மங்கிப்போகும். புறங்கையால் தட்டிவிட்டு மேலே படிப்பாள்.

மூன்றாம் பகுதியில் பாதி எழுத்துத் தேர்வு. மீதிப் பாதிக்கு, தன் மாவட்டத்தில் தானே செய்து முடித்த ஒரு தணிக்கைக் கோப்பைப் பயிற்சி முகாமுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். வேறு மாவட்டத்துக்காரர் ஒருவர் அதைப் பிரித்துப் பார்ப்பார். அவர் என்ன சொல்கிறார், இவர் என்ன பதில் சொல்கிறார் என்று பார்த்துப் பயிற்றுநர் மதிப்பெண் போடுவார்.

எந்தச் செலவைச் சோதிப்பது என்பதில் தணிக்கையாளரின் இஷ்டம் நுழையக் கூடாது. அதற்கென்று ஓர் எண் அட்டவணை உண்டு. கண்ணை மூடி விரலை வைத்துத் தொடங்க வேண்டும். திவோங்கேக்கு விழுந்தது சுகாதாரப் பிரிவின் வவுச்சர் ஒன்று. போன வருஷம் மார்ச்சில், கொசுவலை கொடுப்பதற்கு முன்னால் களப்பணியாளர்களுக்கு நடந்த மூன்று நாள் பயிற்சி. முப்பத்தொரு பேர் கையெழுத்திட்டுப் படி வாங்கியிருந்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு நாற்பத்தைந்தாயிரம் குவாச்சா.

அவள் கணவன் லுசாயோவும் சுகாதாரப் பிரிவில் களப்பணியாளன்தான். ஆனால் அந்த மார்ச்சில் அவன் துக்க விடுப்பில் இருந்தான். அவன் பெயர் அந்தப் பட்டியலில் வர வழியே இல்லை என்று நினைத்து, பெயர் பார்க்கிற வேலையை உதவியாளரிடம் தள்ளிவிட்டு, அவள் பில்களை எடுத்துக்கொண்டாள். வழக்கமான சிறிய சோதனைதான் செய்தாள். பயிற்சி நடந்த கூடத்துக்குத் தேநீரும் எண்ணெயில் பொரித்த மண்டாசி உருண்டைகளும் கொடுத்தவள் சந்தையில் கடை வைத்திருக்கும் நியாகொண்ட்வே. அவளுடைய மூன்று நாள் சீட்டிலும் ஒரே எண்ணிக்கை: பன்னிரண்டு பேர்.

கோப்பை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, சிற்றுந்தில் மடியில் வைத்துக்கொண்டு முகாம் நடக்கும் ம்சூசு நகரத்துக்குப் போனாள். பாதி வழியில் பாலம் உடைந்திருந்தது. இறங்கி, செருப்பைக் கையில் பிடித்து, பலகை மேல் நடந்து, அந்தப் பக்கம் நின்ற வேறு வண்டியில் ஏறினார்கள். மொத்தம் ஏழு மணி நேரம்.

முகாமில் இருபத்திரண்டு பேர். கண்ணாடி போடாதவர்கள் இரண்டு பேர்தான். எல்லோரும் சுற்றறிக்கையால் விரட்டப்பட்டு வந்தவர்கள். காலையில் பாடம் நடக்கும்போது பின் வரிசையில் யாராவது தலை தொங்கிவிடுவார்கள். பயிற்றுநர் முசுமாரா அதைக் கண்டுகொள்ள மாட்டார். அரசுத் தணிக்கையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மதியத்துக்கு மேல் அவருக்கே கண் சொக்கும்.

திவோங்கேயின் கோப்பு தெற்கே தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து வந்த ஃபைனெஸ் என்கிறவள் கைக்குப் போனது. பெருத்த உடம்பு, ஓயாத வாய்.

"அக்கா, உங்க ஃபைலைக் கையில எடுத்தாலே சுத்தமா இருக்கு. என்னோடதுல எண்ணெய்க் கறை. எந்த மண்டாசியோட கறைன்னு எனக்கே தெரியாது."

"படிச்சுப் பாத்துட்டுச் சொல்லு. தலைப்புலயே புகழாத."

ஃபைனெஸ் படித்தாள். படிக்கப் படிக்கச் சிரித்தாள்.

"முப்பத்தொரு பேர் கையெழுத்து. டீ பன்னெண்டு. மிச்சம் பத்தொம்பது பேரும் மூணு நாளும் விரதமா?"

பக்கத்து மேசைக்காரர் திரும்பி, "எங்க மாவட்டத்துல செத்தவங்களே வந்து கையெழுத்துப் போடுவாங்கம்மா. உங்களுது பரவால்ல, உயிரோட இருக்கறவங்க," என்றார்.

"இருங்க, பேரை எண்ணிப் பாத்துடறேன். உதவியாளர் எண்ணினதை நம்பக் கூடாதுன்னு காலையிலதான் பாடம் நடத்தினாங்க." ஃபைனெஸ் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே உரக்கப் படித்தாள். திவோங்கே ஜன்னல் வழியாகத் தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு என்று பெயர்கள் போயின. "இருபத்தாறு, லுசாயோ ம்வென்யா. இருபத்தேழு..."

திவோங்கே வேலையில் தன் தகப்பன் வீட்டுப் பெயரைத்தான் வைத்திருந்தாள். அதனால் ஃபைனெஸுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"அந்தத் தாளைக் கொஞ்சம் குடு."

வாங்கிப் பார்த்தாள். கடைசி எழுத்தின் வாலைப் பின்னுக்கு இழுத்து அதன் கீழே ஒரு கோடு. மகள் வெசியின் மதிப்பெண் அட்டைகளில் வருஷக்கணக்காக அவள் பார்த்து வரும் கையெழுத்து. மார்ச் பதினான்கு, பதினைந்து, பதினாறு. பதினான்காம் தேதி விடியற்காலையில் மாமியார் போனாள். பதினைந்தாம் தேதி அடக்கம். பதினாறாம் தேதி, வந்த உறவுக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டு அனுப்பினார்கள். அந்த மூன்று நாளும் லுசாயோ பதினோரு கிலோமீட்டருக்கு அப்பால் ஏரிக்கரை கிராமத்தில், பாயில், ஆண்களோடு உட்கார்ந்திருந்தான். அவளே பார்த்தது.

கோப்பின் கடைசித் தாள் உறுதிமொழி. 'இந்தச் செலவோடு எனக்கோ என் குடும்பத்தாருக்கோ எந்தத் தொடர்பும் இல்லை.' கீழே அவள் கையெழுத்து. வருஷத் தொடக்கத்தில் நாற்பது தாளை அடுக்கிவைத்து ஒரே மூச்சில் போட்டுவைத்த கையெழுத்து. எல்லா மாவட்டத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

"என்னக்கா, முகம் இப்படி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. காலைல கஞ்சி ஒத்துக்கல."

"நான் உங்களுக்கு முழு மார்க்குக்கு எழுதறேன். டீயை வச்சுப் பிடிச்சது அருமை. இந்தத் தடவை தேறிட்டீங்க, வீட்டுக்குப் போய்க் கோழி அடிங்க."

மறுநாள் மதியம், எல்லோரும் தட்டோடு வரிசையில் நிற்கும்போது, திவோங்கே முசுமாரா இருந்த அறைக்குப் போனாள்.

"சார், ஒரு புது உறுதிமொழித் தாள் வேணும்."

"பழசு என்னாச்சு?"

"அது பொய். இருபத்தாறாவது பேர் என் வீட்டுக்காரர். அவர் அங்க போகல. நாங்க ரெண்டு பேரும் அவங்கம்மாவை அடக்கம் பண்ணிட்டிருந்தோம்."

முசுமாரா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"அவர் என்ன சொல்றார்?"

"இன்னும் பேசல. போன்ல பேசற விஷயமா இது?"

"இன்னிக்கு வியாழன். நாளைக்குச் சாயங்காலம் மார்க் போட்டுக் கையெழுத்து வச்சுடுவேன். சனிக்கிழமை நீங்க ஊர்ல இறங்கி, அங்க பாத்து, அங்கயே அறிக்கை குடுக்கலாம். சட்டத்துல நாள் கணக்கு எதுவும் இல்ல."

"இன்னிக்கே குடுத்தா?"

"இன்னிக்கே குடுத்தா கோப்பு உங்க கையை விட்டுப் போயிடும். வேற மாவட்டத்து ஆள் வந்து எடுத்துக்குவாங்க. உங்க கைல இல்லாத கோப்புக்கு நான் எப்படி மார்க் போடறது? அடுத்த முகாம் செப்டம்பர்ல." மேசைமேல் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஜூன் முன்னாடி வருது."

"தெரியும் சார்."

"எனக்கு இதுல ஒரு வருத்தமும் இல்லன்னு நினைக்காதீங்க. இருபத்திரண்டு பேர்ல சரியா செஞ்ச கோப்பு நாலோ அஞ்சோதான்."

அவர் நல்ல மனதோடுதான் வழி சொன்னார் என்று திவோங்கேக்குத் தெரிந்தது. ஒரே ஒரு நாள். தப்புமில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். வெளியே தட்டுகளின் சத்தம் கேட்டது, குழைய வெந்த பீன்ஸ் வாசனை வந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சார், நாளைக்கு நீங்க மார்க் போடும்போது உங்களுக்கும் தெரிஞ்சிருக்குமே. நான் இப்ப சொல்லிட்டேனே."

முசுமாரா மேசை இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை வீடு சேரும்போது வெளிச்சம் இருந்தது. லுசாயோ கொல்லையில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து பையை வாங்கினான்.

"வந்துட்டாங்கய்யா சான்றிதழ்! வெசி அம்மா, சின்ன மீன் வாங்கி வச்சிருக்கேன், பொரிக்கவா, குழம்பா?"

"கை கழுவிட்டு வாங்க. உக்காருங்க."

"ஃபெயிலா? போகட்டும் விடு. மூணாவது தடவைதானே."

"வெசி அப்பா, நான் சொல்றதை மட்டும் கேளுங்க. பதில் சொல்லாதீங்க. மார்ச்சு பதினாலு கொசுவலைப் பயிற்சிப் பட்டியல்ல உங்க பேர் இருக்கு. நான் எழுதிக் குடுத்துட்டேன், இவர் என் புருஷன், நான் இந்தக் கோப்பைத் தொட மாட்டேன்னு. வேற ஆள் வரப்போறாங்க. உங்களைக் கூப்பிடுவாங்க. என்ன சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லுங்க."

லுசாயோ ஈரக் கையோடு நின்றான்.

"எழுதிக் குடுத்துட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?"

"கேக்கக் கூடாது."

"யார் சொன்னது?"

"சட்டம்."

"எந்தச் சட்டம்? இந்த அடுப்படியில என்ன சட்டம்? இரு, என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். பதினேழாம் தேதி நான் ஆபீசுக்குப் போனப்ப எங்க ஆபீசர் கயீரா..."

"சொல்லாதீங்க!" அவள் எழுந்துவிட்டாள். "எங்கிட்ட சொன்னா, நாளைக்கு என்னையும் கூப்பிட்டுக் கேப்பாங்க, உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்னு. அப்ப நான் சொல்லியாகணும். பொய் சொல்ல எனக்கு வராது, உங்களுக்கே தெரியும்."

"இருபத்திரண்டு வருஷமா எது நடந்தாலும் உங்கிட்டதானே சொல்லிட்டிருக்கேன். இனிமே யார்கிட்ட சொல்றது? அந்தக் கோழிகிட்டயா?"

அவள் மீனை அலசினாள். அவன் கதவருகில் குந்தினான். மெதுவாகக் கேட்டான்.

"சரி, நான் ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணு கேக்கறேன், அது தப்பில்லயே? அம்மா சாவுக்கு நூத்தி இருபது பேர் வந்தாங்க. பதினாறாம் தேதியோட மாவு தீந்து போச்சு. அதுக்கப்புறம் சடங்குக்கு மூணு மூட்டை சோளம் வந்துச்சே. அது எங்கேருந்து வந்துச்சுன்னு நீ கேட்டியா?"

மீன் அலசுகிற கை நின்றது.

"மாவட்டம் பூரா, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எங்கே ரசீதுன்னு கேக்கறவ நீ. நம்ம வீட்டு வாசல்ல மூணு மூட்டை இறங்குச்சு. அவிழ்த்து, கூலிக்கு அரைக்க அனுப்பினது நீதான். கேட்டியா?"

"சம்பள முன்பணம் வாங்கியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"நினைச்சியா, கேட்டியா?"

"கேக்கல," என்றாள். "அன்னிக்கு எனக்குக் கேக்கத் தோணல. சோளம் வந்துச்சே, போதும்னு இருந்துச்சு."

திங்கள்கிழமை அவள் இன்னொரு தாளில் அந்த மூன்று மூட்டையையும் எழுதி ஆணையருக்கு அனுப்பினாள். அதைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

கோப்பை எடுத்துக்கொள்ள யார் வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தபோது வந்து இறங்கியவள் ஃபைனெஸ். ஏற்கெனவே படித்தவள் என்று அவளையே போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் பயணம். விருந்தினர் விடுதியில் தங்கினாள். அலுவலகத்தில் திவோங்கேயைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பாள். ஒருமுறை வராந்தாவில் எதிரெதிரே வந்துவிட்டார்கள்.

"இங்க மழை எப்பவும் இப்படித்தானா?" என்று ஃபைனெஸ் கேட்டாள்.

"ஏப்ரல் வரைக்கும்."

அவ்வளவுதான். அவளுக்கும் பேச்சு முட்டிக்கொண்டு நிற்கிறது என்பது முகத்தில் தெரிந்தது.

செய்தி பரவ இரண்டு நாள் ஆகவில்லை. ஊரில் அரைவாசிப் பேருக்கு அந்தப் பட்டியலில் ஒரு சொந்தம் இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் திவோங்கே வாளியோடு போனால் பேச்சு நின்றுவிடும். "ஆடிட்டர் வீட்டுல உப்பையும் எண்ணித்தான் போடுவாங்க போல," என்று ஒருத்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள். தேவாலயத்தில் அவர்கள் உட்காரும் பெஞ்சில் மற்றவர்கள் நெருங்கி உட்காராமல் விட்டார்கள். கால் நீட்ட இடம் கிடைத்தது என்று லுசாயோ சொன்னான். சிரிப்பு வரவில்லை.

பயிற்சியை நடத்திய கயீரா ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். சுகாதாரப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர், நல்ல பேச்சுக்காரர். நாணல் தண்டில் கோர்த்த நான்கு பெரிய மீனைக் கையில் தொங்கவிட்டு வந்தார். திவோங்கே அவரைக் கண்டதும் வணக்கம் சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். நாங்கள் பக்கத்து வீடு. நடுவில் புல் வேலி மட்டும்தான். கேட்க வேண்டாம் என்றாலும் கேட்கும்.

"மேடம் நம்மளைப் பாத்தா ஓடறாங்களே."

"அவளுக்கு அப்படி ஒரு சட்டம் இருக்கு அண்ணே. உக்காருங்க."

"பாரு லுசாயோ, பெரிசா ஒண்ணுமில்ல. இருபத்தெட்டுப் பேர்கிட்ட பேசிட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லப்போறாங்க. வந்தோம், உக்காந்தோம், கத்துக்கிட்டோம். அவ்வளவுதான். டீக்காரிதான் தப்பா எழுதிட்டா. படிப்பு இல்லாதவ, முப்பத்தொண்ணைப் பன்னெண்டுன்னு எழுதிட்டா."

"நான் அன்னிக்கு எங்க அம்மாவோட இருந்தேனே அண்ணே. ஊருக்கே தெரியுமே."

"காலைல வந்து கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிப் போனே. சைக்கிள்ல ஒரு மணி நேரம்தானே? யார் கேக்கப்போறாங்க?"

"மூணு நாளுமா?"

"ஏம்ப்பா, அந்த அறுபதாயிரம் உனக்கு அன்னிக்கு உதவுச்சா இல்லையா? நீயா வந்து எங்கிட்ட கை நீட்டலயே. சாவு வீட்டுக்காரன்னு நானா கூப்பிட்டுக் குடுத்தேன்."

"கையெழுத்துப் போட்டது நூத்தி முப்பத்தஞ்சாயிரத்துக்கு."

"மேல இருக்கறவங்களுக்கும் வயிறு இருக்குல்ல? நான் ஒருத்தனே தின்னேன்னா நினைக்கறே?" குரல் தாழ்ந்தது. "உன் பொண்டாட்டி தன் வேலையைப் பாத்துட்டா. நீ உன் வேலையைப் பாரு. முப்பது பேரோட குடும்பம் உன் வாயிலதான் இருக்கு."

மீனை வைத்துவிட்டுப் போனார். திவோங்கே வந்து பார்த்தாள். அதைத் தொடவில்லை. லுசாயோ மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு போய்க் கயீராவின் வீட்டு வாசலில் திரும்ப மாட்டிவிட்டு வந்தான் என்று சொன்னார்கள். ஆனால் அதற்காக அவன் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. அந்த வாரம் முழுக்க அவன் இளைத்துப்போனான். களத்துக்குப் போவான், கிணறுகளில் மருந்து போடுவான், வந்து படுப்பான். ஃபைனெஸ் தங்கியிருந்த விடுதியிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தும் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினான்.

இதற்குள் மன்ற அலுவலகத்தில் நியாகொண்ட்வேயின் தேநீர் ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டார்கள். பொய்ச் சீட்டு எழுதியவள் என்று பேச்சு. பத்து வருஷமாக எல்லாக் கூட்டத்துக்கும் அவள்தான் கொடுத்துவந்தாள். திங்கள்கிழமை சந்தையில் லுசாயோ தலையைக் குனிந்துகொண்டு அவள் கடையைத் தாண்டப் பார்த்தான்.

"நில்லு தம்பி. கடன் கேக்கல, நில்லு."

நின்றான்.

"நான் எண்ணத் தெரியாதவளாம். உன் ஆபீசரு சொல்றாரு. மண்டாசி எண்ணத் தெரியாம பத்து வருஷம் கடை நடத்தினேனாம்."

"எனக்குத் தெரியும் அக்கா."

"பதினாலாம் தேதி கூடத்துல கடைசி டீ குடுத்துட்டு, மிஞ்சின மண்டாசியைத் துணியில கட்டிக்கிட்டு, சைக்கிள்காரனைப் பிடிச்சு உங்க ஊருக்கு வந்தேன். ஞாபகம் இருக்கா? நீ பாயில உக்காந்திருந்தே. உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்."

"இருக்கு."

"நீயும் கூடத்துலதான் இருந்தேன்னு எழுதிக் குடுக்கப்போறியாமே. எழுது. உனக்கும் பிள்ளை இருக்கு, படிப்புச் செலவு இருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டு எழுது. அன்னிக்கு நான் யார் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்?"

அவள் கத்தவில்லை. எண்ணெய்ச் சட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டாள். சட்டி காலியாக இருந்தது.

பிறகு என்ன ஆயிற்று என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தொரு பேரில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தவர்கள் மூன்று பேர். முதலில் எழுதியது லுசாயோ. மற்ற இரண்டு பேர் அவனைப் பார்த்து எழுதினார்கள். கயீராவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை இன்னும் நடக்கிறது, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. லுசாயோ தன் கைக்கு வராத பணத்தையும் சேர்த்து ஒன்பது மாதத் தவணையில் திருப்பிக் கட்டினான். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவன் பதிவேட்டில் ஏறியது. நியாகொண்ட்வேக்கு ஒப்பந்தம் திரும்பக் கிடைத்தது. முதல் வாரம் அவள் தேநீரை யாரும் குடிக்கவில்லை, இரண்டாம் வாரம் குடித்தார்கள். ஜூலை முதல் தேதி திவோங்கே அதே அறையில் சின்ன மேசைக்கு மாறினாள். தலைநகரிலிருந்து, அவள் மகளைவிட ஏழெட்டு வயதே மூத்த ஒரு பெண், சான்றிதழோடு வந்து பெரிய மேசையில் உட்கார்ந்தாள். செப்டம்பர் முகாமுக்கு மன்றத்தில் பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த வருஷம் போய், தேறி, சான்றிதழ் வாங்கி வந்தாள். பெரிய மேசை காலியாக இல்லை. சான்றிதழைச் சட்டம் போடாமல் அலமாரியில் வைத்திருக்கிறாள்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி. சந்தையில் நியாகொண்ட்வே பேசியதற்கு மறுநாள். மழை விட்டிருந்தது. திவோங்கே சீக்கிரம் எழுந்து வாசலில் அடுப்பு மூட்டி, பள்ளிக்கூட விடுதியிலிருந்து வந்திருந்த வெசியின் துணியையும் துவைத்துப் போட்டுவிட்டு, நிசிமாக் களி கிளறிக்கொண்டிருந்தாள். லுசாயோ உள்ளேயிருந்து ஒரு நாற்காலியையும் ஸ்டூலையும் வெளியே கொண்டுவந்து போட்டான். ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து நடுத்தாளைக் கிழித்தான்.

"வெசி அம்மா, இதை எப்படித் தொடங்கறது? 'ஐயா'ன்னா, 'அம்மா'ன்னா?"

"கேக்காதீங்க."

"மரியாதைக்குக் கேக்கறேன். அதுலயும் தப்பா?"

"எனக்குத் தெரியாது. நீங்களே எழுதுங்க."

அவன் எழுதத் தொடங்கினான். அவனுக்கு ஒரு பழக்கம், எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுவான். "மார்ச் மாதம் பதினேழாம் தேதி காலை நான்..." என்று ஆரம்பித்ததும் திவோங்கே சட்டியை இறக்கி வைத்தாள். இடுப்பில் சுற்றிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எங்கள் வீட்டு வேலியைத் தாண்டி, மாமரத்தைத் தாண்டி, சாலை ஓரம் வரைக்கும் நடந்து போனாள். அங்கே திரும்பிக்கொண்டு நின்றாள். சாலையில் போகிறவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டு போனார்கள். யாரும் நின்று பேசவில்லை. அவள் அப்படியே நின்றாள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாதியில் ஒரு தடவை குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

அவன் கையைத் தூக்கிக் கூப்பிட்டான். அவள் திரும்பி வந்தாள். தாளை மடித்துப் பழுப்பு உறைக்குள் போட்டிருந்தான். உறையின் பசை மழைக்காலத்து ஈரத்தில் எப்போதோ போய்விட்டது. நக்கிப் பார்த்தான், அழுத்திப் பார்த்தான். மூடி திரும்பத் திரும்ப வாயைத் திறந்தது.

"ஒட்ட மாட்டேங்குது. இப்படியே திறந்தபடி கொண்டுபோனா வழியில யாராவது பிடுங்கிப் படிப்பாங்க."

திவோங்கே சட்டியின் மூடியைத் திறந்தாள். ஓரத்தில் காய்ந்து பிடித்திருந்ததை விட்டுவிட்டு, நடுவிலிருந்து சூடாக ஒரு கவளம் கிள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதில் கொஞ்சத்தை விரல் நுனியில் எடுத்து உறையின் ஓரம் முழுக்கத் தேய்த்தான். மூடினான். ஸ்டூலின் மேல் வைத்து முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டான்.